கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் படமெடுக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கதையை முழுக்கப் படித்துவிட்டேன். மலைப்பூண்டு போடுகிற வீட்டுப் பையன், அவன் கையில் ஒரு புல்லாங்குழல், மேல்தெருப் பெண். எனக்குப் பிடித்திருக்கிறது, கண்ணு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதல் காட்சியிலேயே அவன் கச்சேரி வித்வான்போல வாசித்தால் அந்தக் காதலை யாரும் நம்பமாட்டார்கள். அவன் தடுமாறும்போதுதானே அவள் திரும்பிப் பார்க்கிறாள்?

அதனால் ஒரே மெட்டை மூன்று நிலையில் பதிவு செய். மோகன ராகத்தில் ஐந்து சுரத்துக்குள் அடங்குகிற சின்ன மெட்டு போதும். முதலில் பாதிக் காற்று வீணாகப் போகும்; உதட்டுக்கும் துளைக்கும் கோணம் பிடிபட்டிருக்காது. விரல் துளையைச் சரியாக மூடாததால் கீழ்ச்சுரம் பேசவே பேசாது. அடுத்த நிலையில் சுரம் நிற்கும், மூச்சு பத்தாது. வரி நடுவில் மூச்சு வாங்குவான், மேல் ஸ்தாயியில் பிசிறடிப்பான், தெரிந்த இடம் வந்தால் தாளத்தை மீறி வேகமாக ஓட்டுவான். சுரத்தை அசைத்துக் குழைக்கிற கமகம் எல்லாம் மூன்றாவதில்தான். தேர்ந்த கலைஞரிடம் தப்பாக வாசிக்கச் சொல்லி வாங்காதே. தப்பும் அழகாகவே விழும். நடிக்கிற பையனையே மூன்று மாதம் முன்னால் பழகவிட்டு, முதல் வாரத்துச் சத்தத்தைப் பதிந்து வைத்துக்கொள். குழல் காட்சிகளையாவது கதை வரிசையில் எடு. செலவு கூடும், கூடட்டும்.

அடுத்தது குளிர். ஒரு டிகிரி இறங்கினால் குழலின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் இறங்கும்; அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். ஸ்டுடியோவில் 25 டிகிரி, பூம்பாறைக் காலையில் 10 டிகிரி என்றால் 45 சென்ட், அதாவது சுருதியை அளக்கிற கட்டைக் கணக்கில் கிட்டத்தட்ட கால் கட்டை. ஸ்டுடியோவில் பதிந்த தம்புராவோடு சேர்த்தால் அபசுரமாகத்தான் கேட்கும். டேக் வரைக்கும் குழல் அவன் ஸ்வெட்டருக்குள்ளேயே இருக்கட்டும். துளைகளை மூடிக்கொண்டு மெதுவாக ஊதினாலும் உள்ளே சூடேறும். கற்றுக்கொள்கிற காட்சிகளை அங்கேயே நேரடி ஒலியில் எடுத்துவிட்டு, சுருதியை அதற்கேற்ப ஸ்டுடியோவில் இறக்கிக்கொள்.

பதிந்த பாட்டை ஒலிக்கவிட்டு, அதாவது பிளேபேக்கில், எடுக்கும்போது ஸ்லோமோஷனுக்காக வினாடிக்கு 48 பிரேம் ஓட்டினால் பாட்டையும் இரட்டை வேகத்தில் போட வேண்டும். அந்த வேகத்தில் அவன் விரல் ஓடாது. குழல் கையிலிருக்கும் ஷாட்டை 24லேயே எடு.

கோயில் திருவிழாவுக்குப் பறை வைத்திருக்கிறாய். மூடுபனியில் தோல் தொய்ந்து ‘தொப்பு தொப்பு’ என்றுதான் கேட்கும். தீயில் காய்ச்ச உலர்ந்த வைக்கோல் வேண்டும், மலையில் ஈரமில்லாமல் கிடைப்பது சிரமம். கீழிருந்தே தார்ப்பாயில் சுற்றிக் கொண்டுபோ. எவ்வளவு நேரம் காட்டுவது என்பது கலைஞர்களுக்குத் தெரியும், அவசரப்படுத்தாதே. சூடு அதிகமானால் தோல் கிழியும்.

வசனக் காட்சிகளைக் காலையிலேயே முடி. மதியத்துக்குமேல் பனி இறங்கினால் தூரத்து வைடு ஷாட் ஒரு வெளிச்சம், குளோசப் வேறு வெளிச்சம் என்று ஆகும். கேமராவைக் குளிரிலிருந்து அடுப்பெரிகிற வீட்டுக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸ் வியர்க்கும். பையில் இறுக்கி மூடி அரைமணி வை. பேட்டரி சீக்கிரம் இறங்கும், இரண்டு மடங்கு எடுத்துக்கொள்.

ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வாய்மூடி நிற்க, ஒரு நிமிடம் வெறும் சூழல் ஒலி பதியச் சொல். விடியற்காலையில் சோலைப்பக்கம் ஆள் சீட்டியடிப்பதுபோலவே பாடும் கருநீலப் பறவை ஒன்று உண்டு. அதைத் தனியாகப் பிடி. பையன் அந்தச் சீட்டியைக் குழலில் தேடுகிற மாதிரி ஒரு காட்சி எழுதலாம், யோசித்துப் பார்.

குழல் வருகிற பக்கங்களை மட்டும் தனியாக அனுப்பு. எந்தக் கட்டைக் குழல் என்று குறித்து அனுப்புகிறேன். காதுக்குக் குல்லா போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா