இலைதழைக்கும் சட்டமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதுரையில் எங்களிடம் தோட்டக் கழிவு தரும் குடியிருப்புச் சங்கத்தாருக்கும், மட்கு உரம் வாங்கும் மாடித்தோட்டக்காரர்கள், நர்சரிக்காரர்கள், விவசாயிகள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பங்குனியிலிருந்து எங்கள் நடைமுறையில் சில மாற்றங்கள். பிளாஸ்டிக் கலந்த மூட்டைகளைத் திருப்பி அனுப்புகிறோம். காலை ஒன்பது மணிக்கு முன்னால் இலை அரைக்கும் இயந்திரத்தை ஓட்டுவதில்லை. அதனால் சில தெருக்களுக்கு வண்டி வரும் நேரம் தள்ளிப்போகிறது. உரத்தின் விலையும் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடியிருக்கிறது. "இலைதழைதானே, இதுக்கெல்லாமா சட்டம்?" என்று வண்டிக்காரத் தம்பியிடம் பலர் கேட்டிருக்கிறீர்கள். அவசரத்தில் அவரால் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் தீ. சருகைக் கூட்டி மூலையில் குவித்து ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போடுவது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பழக்கம். பச்சையும் காய்ந்ததும் கலந்த இலை சுடர்விட்டு எரியாது, மணிக்கணக்கில் புகைந்துகொண்டே கிடக்கும். அந்தப் புகையில் நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. நடுவே ஒரு பால் கவரோ பழைய குழாய்த் துண்டோ கிடந்தால் கேட்கவே வேண்டாம். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்துகொண்டதில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டது நினைவிருக்கும்.

2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை நேராகவே சொல்லிவிட்டன. குப்பையைத் தெருவில் கொட்டவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது. தோட்டக் கழிவை அவரவர் வளாகத்தில் தனியாகச் சேர்த்து வைத்து, உள்ளாட்சி சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் விதித்தது. சென்னை, திருச்சி, தூத்துக்குடியோடு மதுரையும் தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஊர். அதனால் இங்கே புகை எழுந்தால் யாராவது எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

ஆக, எரிக்காமல் விட்ட இலையெல்லாம் எங்கள் வாசலுக்கு வருகிறது. வரட்டும், தொழிலே அதுதான். ஆனால் இலையை எரிக்காதீர்கள் என்று விதிகள் உங்களிடம் சொல்வதைப் போலவே, காற்றைக் காக்கும் சட்டம் எங்கள் முற்றத்துக்குள்ளும் நுழைகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. உரக்கூடம் என்றால் இயற்கை, இயற்கை என்றால் மாசு இருக்காது என்று ஒரு நினைப்பு. 1981-ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தில் அப்படி ஒரு சலுகை கிடையாது. காற்றில் கலந்து மனிதருக்கோ பயிருக்கோ கேடு செய்யக்கூடியது எதுவானாலும், தூளோ வாயுவோ, அதன் கணக்கில் மாசுதான். கூடத்தைத் தொடங்க ஒன்று, நடத்த ஒன்று என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வாங்க வேண்டும். அதை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். 2023-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்தை மீறினால் பெரும்பாலும் சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம். எங்களைப் போன்ற சிறிய கூடத்துக்கு 15 லட்சம் என்றால் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

எங்களுக்குப் பெரிய தலைவலி நாற்றம்தான். நல்ல மட்குக் குவியல் முதல் மழை விழுந்த மண்ணைப் போல மணக்கும். நாறுகிற குவியல், எங்கோ தவறிவிட்ட குவியல். காற்றுப் போகாமல் உள்ளே இறுகிவிட்டால் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும். அழுகிய முட்டை வாடையும் புளித்த வாடையும் அவற்றின் கைவரிசை. அப்புறம் மீத்தேன். அதற்கு வாடை கிடையாது, ஆனால் கெடுதல் உண்டு. நைட்ரஜன் மிகுந்த பச்சைக் கழிவு அதிகமாகிவிட்டால் மூக்கைத் துளைக்கும் அமோனியா கிளம்பும். 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளில் அமோனியாவுக்கும் எல்லை உண்டு: 24 மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றுக்கு 400 மைக்ரோகிராம். உரம் செய்பவரின் கண்ணோடு பார்த்தால், காற்றில் போகிற அமோனியா உங்கள் செடிக்குச் சேர வேண்டிய தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அதைக் கோட்டை விட்டால் நஷ்டம் எங்களுக்கும் உங்களுக்கும்தான்.

மல்லிகை மலிந்து கிடக்கும் மாதங்களில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விற்காமல் வாடிய பூ சாக்குச் சாக்காக வரும். அதோடு அடுக்ககங்களில் வெட்டிய புல்லும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் நைட்ரஜன் மிகுந்தவை, ஈரமானவை, தானாக இறுகிக்கொள்பவை. இவற்றை அப்படியே குவித்தால் இரண்டாம் நாளே பக்கத்துத் தெருவுக்குச் சேதி போய்விடும். அதனால் வந்த அன்றே காய்ந்த வாதாம் இலை, அரைத்த தென்னை மட்டை, சுள்ளி ஆகியவற்றோடு கலந்துவிடுகிறோம். கார்பன் முப்பது பங்கு, நைட்ரஜன் ஒரு பங்கு என்பது கணக்கு. தராசு வைத்தெல்லாம் பார்ப்பதில்லை. ஒரு கூடைப் பூவுக்கு மூன்று கூடைச் சருகு என்று போட்டு, மறுநாள் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும், பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் உங்களிடம் வரும் சருகை நாங்கள் கொட்டகையில் பத்திரப்படுத்துவது இதற்காகத்தான். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் காய்ந்த சருகு எங்களுக்குத் தங்கம்.

குவியலைப் புரட்டும்போதுதான் உள்ளே அடைபட்டிருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வரும். விடியற்காலையில் காற்று அசையாமல் நிற்கும். வாடை கலைந்து மேலே போகாமல் தரையோடு தரையாகப் படர்ந்து அடுத்த வீட்டுச் சமையலறைக்குள் நுழையும். வெயில் ஏறித் தரை சூடான பிறகு புரட்டினால் மேலெழும் காற்றே அதைக் கலைத்துவிடும். ஒன்பது மணிக் கணக்கு இப்படி வந்ததுதான். இயந்திரத்துக்கும் அதே நேரம் வைத்ததற்கு வேறொரு காரணம் உண்டு. 1987-இல் செய்த திருத்தத்தால் காற்றுச் சட்டத்தில் சத்தமும் மாசு என்று சேர்ந்துவிட்டது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 என்பது எல்லை. தென்னை மட்டையை விழுங்கும்போது எங்கள் இயந்திரம் போடும் கூச்சலுக்கு ஆறு மணி என்பது சட்டப்படி பகலாக இருக்கலாம், அக்கம்பக்கத்துக்கு அது தூங்கும் நேரம்.

புதிய குவியலை முதிர்ந்த மட்கால் போர்த்துவதையும் இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம். இது தெற்குக் கலிஃபோர்னியாவில் காற்றுத் தர நிர்வாகம் 2011-இல் கொண்டுவந்த விதியில் உள்ள முறை. பசுங்கழிவுக் குவியலை அமைத்த 24 மணி நேரத்துக்குள் ஆறு அங்குலக் கனத்துக்கு முதிர்ந்த மட்கு போட்டு மூட வேண்டும், தொடக்க நாட்களில் புரட்டும் முன் மேற்பரப்பை நனைக்க வேண்டும் என்பது அங்கே விதி. குவியலிலிருந்து கிளம்பும் கரிம ஆவிகள் வெயிலில் ஓசோன் புகைமூட்டமாக மாறுவது அவர்கள் கவலை. நமக்கு அந்த விதி பொருந்தாது, ஆனால் முறை நன்றாகவே வேலை செய்கிறது. மேல் போர்வையில் வாழும் நுண்ணுயிரிகள் கீழிருந்து வரும் வாடையைத் தின்றுவிடுகின்றன. ஈயும் குறைந்திருக்கிறது. என்ன, விற்பனைக்குப் போக வேண்டிய உரத்தில் ஒரு பகுதி எப்போதும் குவியல் மேலேயே கிடக்கும். விலையில் கூடிய அந்த ஒரு ரூபாயில் இதுவும் அடக்கம். மீதி, தளத்துக்குப் போன செலவு. நீர் கசியாத தரை, லேசான சரிவு, சுற்றிலும் வடிகால், வடிந்த நீரை மறுபடி குவியலுக்கே தெளிப்பது, வேலியோரம் காற்று போகும் திசையில் நின்று வாடையைச் சோதிப்பது எல்லாம் 2016 விதிகளின் இணைப்பில் கேட்டிருந்தவை. கேட்டது நியாயம்தான். கட்டுவதற்குத்தான் காசு வேண்டியிருக்கிறது.

சலிக்கும்போது பறக்கும் தூசு இன்னொரு சங்கதி. மட்குத் தூசில் பூஞ்சை வித்துகள் இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அதனால் உரத்தை எலும்பாகக் காயவிடாமல், 15 முதல் 25 விழுக்காடு ஈரத்தோடு 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கிறோம். "உரம் ஈரமா இருக்கு, எடைக்குத் தண்ணி ஊத்துறீங்களா?" என்று கேட்டவர்கள் இதைக் கவனிக்கவும், அந்த ஈரப்பத அளவு 2016 விதிகளிலேயே சொல்லியிருந்தது. வீட்டில் மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் போடும்போது நீங்களும் முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இனி பிளாஸ்டிக். இலையைப் பாலித்தீன் பையில் திணித்து வாயை முடிந்து வாசலில் வைத்துவிட்டால், இரண்டு நாளில் பைக்குள்ளேயே அழுகல் தொடங்கிவிடுகிறது. நாங்கள் பிரிக்கிற இடத்தில்தான் நாற்றம் வெடிக்கிறது. பிரித்தெடுத்த பையை எரிக்கவும் முடியாது, குவியலில் விடவும் முடியாது. எனவே தோட்டக் கழிவைச் சணல் சாக்கிலோ மூடாத கூடையிலோ தாருங்கள். சாக்கை அடுத்த நடையில் திருப்பித் தருவோம். பூஜைப் பூவைத் தருபவர்கள் மாலையின் ஜரிகையையும் பிளாஸ்டிக் நாரையும் உருவிவிட்டுத் தந்தால் போதும், வாழை நாரும் பருத்தி நூலும் மட்கிவிடும். சாம்பல் கலந்த குப்பையை எடுப்பதில்லை. அதில் தணல் மிச்சமிருந்தால் சருகுக் கொட்டகையே பற்றிக்கொள்ளும். சருகை ஆள் உயரத்துக்கு மேல் நாங்கள் குவிக்காததும் தீக்குப் பயந்துதான். பெரிய குவியல் உள்ளுக்குள்ளே சூடேறித் தானாகவே புகையத் தொடங்கும்.

ஆடிப்பட்டத்துக்கு உரம் வேண்டும் விவசாயிகள் ஆனி முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். குவியலை முதிரவிட்டு, சலித்து, தயாராக வைக்க அந்த அவகாசம் வேண்டும். மாடித்தோட்டக்காரர்களுக்குப் பத்துக் கிலோப் பைகள் வழக்கம்போல எந்நாளும் கிடைக்கும். வண்டி நேரம் ஒத்துவராத தெருக்காரர்கள் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள், மாலை நடை ஒன்று வைத்துத் தருகிறோம்.

அன்புடன்,
உரக்கூடத்தார்