வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்த ஆண்டு பன்னிரண்டு அமர்வுகள் திட்டமிட்டோம், பத்துத்தான் நடந்தன. ஒன்று பனியில் போய்விட்டது. இன்னொன்றுக்கு வந்தவர்கள் மண்டப வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். திறப்பு என் காருக்குள் கிடந்தது. குற்றம் என்னுடையதே.

நான்கு அமர்வுகளை 1876ஆம் ஆண்டுப் பல்கேரிய விவகாரமே விழுங்கிவிட்டது. “லண்டனில் இருந்துகொண்டு இது என்னத்துக்கு?” என்று கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சிக்கு எதிராகப் பல்கேரியர் எழுந்தார்கள். அடக்க வந்த பாஷி-பசூக் என்ற ஒழுங்கற்ற துணைப்படையினர் பட்டாக் என்ற ஊரில் பெண்கள், குழந்தைகள் என்றும் பாராமல் வெட்டித் தள்ளினார்கள். ஜூனில் லண்டன் பத்திரிகையான டெய்லி நியூஸ் செய்தி போட்டது. பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி, காப்பிக்கடைப் பேச்சு என்கிற மாதிரித் தட்டிவிட்டார். பிறகு மக்கஹான் என்ற நிருபர் பட்டாக்குக்கே போய், குவிந்து கிடந்த எலும்புகளைக் கண்ணால் கண்டு எழுதினார். அதோடு பிரிட்டனில் ஊருக்கு ஊர் கண்டனக் கூட்டம். டார்லிங்டனில் ஸ்டெட் என்ற இளம் பத்திரிகை ஆசிரியர் ஓய்வில்லாமல் ஊதிக்கொண்டே இருந்தார். முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டன் இடுப்புவலியோடு படுக்கையில் கிடந்து இந்தக் கொடுமையைப் பற்றி எழுதிய சிறுநூல் செப்டெம்பர் 6இல் வந்தது. அந்த மாதத்துக்குள்ளேயே 2 லட்சம் பிரதிகள் விற்றன. 9ஆம் தேதி சனிக்கிழமை, கொட்டும் மழையில், அவர் பேச்சைக் கேட்கப் லண்டனின் பிளாக்ஹீத் திடலில் ஏறத்தாழ 10,000 பேர் நின்றார்கள்.

செப்டெம்பரில் நாங்களும் அங்கே போனோம், பதினான்கு பேர். மைக் இல்லாமல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று பார்த்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியை அக்கா வாங்கில் ஏறி உரத்து வாசிக்க, பொருளாளர் அண்ணை அடியை எண்ணிக்கொண்டே பின்னுக்கு நடந்தார். எழுபதாவது அடியில் அக்காவின் கை மட்டும்தான் தெரிந்தது. ஏ2 வீதியில் ஒரு லொறி போனதும் அதுவும் வீண். அப்படியென்றால் அன்று பின்வரிசைச் சனம் எதைக் கேட்டது? பெரும்பாலும் அடுத்தநாள் பத்திரிகையில்தான் வாசித்திருக்கும். ஆனாலும் வந்து நனைந்தது.

2009இல் ஈழப் போரை நிறுத்தக் கேட்டு லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் நாள்கணக்காக நின்ற ஒருவர், “அவ்வளவு பேர் வந்தும் என்ன நடந்தது?” என்று கேட்டார். டிஸ்ரேலியின் அரசாங்கம் கவிழவில்லை. ஆனால் 1877இல் ரஷ்யா துருக்கியோடு போருக்குப் போனபோது, துருக்கிக்காகப் பிரிட்டன் களமிறங்குவதற்கு அந்தக் கோபம் ஒரு தடையாக நின்றது. 1878இலோ காற்று மாறி, ரஷ்யாவோடு போர் கேட்ட கூட்டம் கிளாட்ஸ்டன் வீட்டு ஜன்னலை உடைத்தது. இதைச் சொன்னதும் கேள்வி கேட்டவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த அமர்வு சண்டையில் முடிந்தது. பல்கேரியாவுக்காக லண்டன் கொதித்த அதே 1876இன் கடைசியில் சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் தொடங்கிவிட்டது. லண்டன் மேயர் அதற்கு நிதி திரட்டத் தொடங்கியது 1877 ஆகஸ்டில்தான். துருக்கியனைத் திட்டுவது சுலபம், தன் ஆட்சியைக் கேட்பது கடினம் என்றது ஒரு பக்கம். ஒரு அநியாயத்துக்கு வாய் திறந்தவனை மற்றதற்கு ஏன் திறக்கவில்லை என்று குட்டினால் பிறகு யாருமே திறக்கமாட்டார்கள் என்றது மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம், அதுவும் அரைமனதோடு. இரண்டையும் கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தேநீர்ச் செலவு கூடிவிட்டது, அதற்கு அந்தச் சண்டை அமர்வும் காரணம். மண்டபத் திறப்புக்கு இன்னொரு பிரதி செய்து ஆசிரியை அக்காவிடம் கொடுத்தாயிற்று.

— செயலாளர்