ஒடிந்த கொத்து

அம்மாடி கயல்,

பூம்பாறையில் நான்கு நாட்களாக வெயிலே இல்லை. பூண்டைக் கட்டிப் பரணில் ஏற்றியாகிவிட்டது. கை ஓய்ந்ததும், நியூசிலாந்தின் டனீடினிலிருந்து பழங்காலத் திமிங்கிலங்களைப் பற்றி நீ எழுதி அனுப்பிய பக்கங்களை மூன்று முறை படித்தேன்.

சலித்துத் தின்னும் திமிங்கிலங்கள் ஆதியிலிருந்தே பல்லில்லாதவை என்று நினைத்திருந்தேன். பெரு நாட்டில் கிடைத்த மிஸ்டகோடான் என்ற ஆதித் திமிங்கிலத்துக்கு 3.6 கோடி ஆண்டு வயது. வாய் நிறையப் பல். அண்டார்டிகாவின் லானோசீட்டஸுக்கும் பல், எட்டு மீட்டர் நீளம். ஆஸ்திரேலியாவின் ஜான்ஜுசீட்டஸ் சிறிய உடம்பும் பெரிய கண்ணுமாக இரையைக் கடித்துத் தின்றிருக்கிறது. அமெரிக்காவின் ஆரிகனில் கிடைத்த மாயாபலீனாதான் மனதை விட்டுப் போக மறுக்கிறது. பல்லும் போய்விட்டது, சல்லடைத் தகடும் முளைக்கவில்லை. உறிஞ்சித்தான் வயிறு வளர்த்திருக்க வேண்டும். இத்தனை வம்சம் தழைத்த இடத்தில் இன்று மிஞ்சியது 15 வகை சொச்சம்தானா?

அந்தத் தகடும் நம் நகமும் ஒரே சரக்கு என்று எழுதியிருந்தாய். உடனே என் கட்டைவிரலைப் பார்த்தேன். நடுவில் பிளந்து, பிளவில் பூண்டுக்காட்டு மண் ஏறிய நகம். இதே சரக்கு வாயில் தொங்கி, 30 மீட்டர் நீலத்திமிங்கிலத்துக்குக் கூனி போன்ற பொடி உயிர்களைச் சலித்துக் கொடுக்கிறது!

உன் அம்மாவுக்குப் பிடித்த வரி வேறு. இன்றைக்கும் கருவிலிருக்கும் குட்டிக்குப் பல் அரும்பி, பிறக்கும் முன்பே கரைந்துவிடுகிறது என்பது. "பூட்டன் சொத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறது" என்றாள்.

ஏழு வயதில் என் களைக்கொத்தை எடுத்து வரப்புக் கல்லை உடைத்தாய். கொத்தின் நுனி ஒடிந்தது. "கல்லுக்குள் எலும்பா இருக்கும்?" என்று அடித்துவிட்டேன். அன்றிரவு நீ சாப்பிடவில்லை. நம் மலைப்பாறை பூமிக்கடியில் வெந்து உருமாறியது, அதில் எலும்போ கிளிஞ்சலோ தங்காது என்பதே உன் எழுத்தைப் படித்துத்தான் தெரியும். உங்கள் நியூசிலாந்து வைட்டாகிப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் நம் வரப்பில் கிடந்திருந்தால் அன்றே உனக்கு ஏதாவது அகப்பட்டிருக்கும். நீ தேடியதில் பிழையில்லை. அடித்தது என் தவறு, அம்மாடி.

அந்தக் கொத்து இன்னும் மாடத்தில்தான் இருக்கிறது. டிசம்பரில் வரும்போது அந்தச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு சில்லு கொண்டுவா. எலும்பு வேண்டாம், வெறும் கல் போதும். அம்மா கையில் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

அப்பா