குளுக்கோஸ் பாட்டிலில் தெம்பு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில், “அசதியாக இருந்தால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளலாம், நேரே ரத்தத்தில் கலப்பதால் உடனே தெம்பு வரும்” என்று போட்டிருந்தீர்கள். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். வார்டில் இதே பேச்சுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது. அதைத் தாங்களே அச்சில் ஏற்றியதில் மனசு விட்டுப்போனது.

அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லியில் கிடைப்பதுதான். புரதம் துளியும் கிடையாது. சர்க்கரையைச் செல்கள் எடுத்துக்கொண்டதும் மிஞ்சும் தண்ணீர், தந்துகிகள் எனும் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களின் சுவர் வழியாகக் கசிந்து உடம்பெல்லாம் பரவிவிடும். பத்தில் ஒரு பங்குகூட ரத்தக் குழாய்க்குள் தங்காது. கல்லீரல் தயாரிக்கும் அல்புமின் என்ற புரதம்தான் நீரை உள்ளே பிடித்து வைக்கிறது. அதையும் மீறிக் கசிவதை நிணநீர்க் குழாய்கள் சேகரித்துக் கழுத்தடிச் சிரையில் கொண்டுபோய் விடுகின்றன. இதயம் தளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தப்பி, நீர் உடம்பில் தேங்கிவிடும்.

என் மாமியாருக்கும் அப்படித்தான் கணக்கு தப்பியது. நான் டூட்டியில் இருந்தபோது, அசதி என்று பக்கத்து கிளினிக்கில் இரண்டு பாட்டில் ஏற்றிவிட்டார்கள். ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

“ரத்தத்தைச் சுத்தமாக்கும் சாறு” என்று முன்பு முழுப்பக்கம் போட்டீர்கள். அந்த வேலைக்குச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன என்று அப்போதே எழுதினேன். ஒரு வரிகூட வெளிவரவில்லை.

1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். குளுக்கோஸ் கூட இருந்தால் குடல் உப்பை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் பின்னாலேயே போகும். தங்களுக்குத் தெரியாததல்ல.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அந்த வரி தவறு என்று போடுங்கள். அப்புறம், வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் செய்யும் அளவை ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள்: கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர், தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். எங்கள் தெருவில் அந்தப் பக்கத்தை வாசிப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மன்னார்குடி