ஐப்பசி இரவுகளுக்கு ஒரு புத்தகம்

அன்பு மகளுக்கு,

ஐப்பசி பிறந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. கூடத்துக் கொடியில் அப்பாவின் வேட்டி மூன்றாவது நாளாகத் தொங்குகிறது. தொட்டால் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. தோசை மாவு பொங்க நேரமாவதால் முந்தின நாள் மதியமே அரைத்துவிடுகிறேன். உன் ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் இலை உதிர்க்கும் படத்தைப் பாட்டிக்குக் காட்டினேன். "இவ்வளவும் கொட்டினால் மரம் பிழைக்குமா?" என்று கவலைப்பட்டார். ஜெர்மனியில் இது வருஷா வருஷம் நடப்பதுதான் என்று சொன்ன பிறகே சமாதானமானார்.

நேற்று புத்தக அலமாரியை ஒழித்தேன். போன வருஷம் போட்ட வசம்பில் மணமே இல்லை. புதிதாக வாங்கித் தட்டுக்கு இரண்டு துண்டு வைத்தேன். கீழ்த்தட்டில் தாத்தா வாங்கிய, உ.வே.சா.வின் சுயசரிதையான 'என் சரித்திரம்' இருந்தது. முதல் முப்பது நாற்பது பக்கங்களை இராமபாணப் பூச்சி துளைத்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால், எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் குண்டூசி முனையளவு ஓட்டை. நல்லவேளை, ஓரத்தில்தான்.

நீ பள்ளியில் படித்த காலத்தில் இதை மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் விட்டிருக்கிறேன். இந்த மழைக்காலத்தில் முடித்தே தீருவது என்று இருக்கிறேன். கண் மங்கியதிலிருந்து பாட்டியால் படிக்க முடிவதில்லை. அதனால் இரவுச் சாப்பாடு முடிந்து, அவருக்கு மாத்திரை கொடுத்த கையோடு, தினம் ஒரு அத்தியாயம் உரக்கப் படிக்கப்போகிறேன். மொத்தம் 122. நான்கு மாதம் ஆகும், ஆகட்டும். 1940இல் இது ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாரக்கணக்கில் காத்திருந்துதானே படித்திருப்பார்கள்?

பொறுக்காமல் நடுவில் ஓர் இடத்தை மட்டும் புரட்டிவிட்டேன். நம் கும்பகோணத்தில் நடந்தது. 1880 அக்டோபர் 21, இதே ஐப்பசி மாதம். அப்பா படித்த அதே கல்லூரியில் உ.வே.சா. அப்போது தமிழாசிரியர், வயது இருபத்தைந்து. ஊருக்கு முன்சீப் கோர்ட்டு நீதிபதியாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். அவர் முகத்தில் அசைவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் அந்த நூலைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. ஏழு வருஷம் கழித்து, 1887இல், அதே சிந்தாமணியை ஏடுகளை ஒப்பிட்டு அச்சில் கொண்டுவந்தவர் இவர்தான். எண்பது தாண்டிய வயதில், அன்று தனக்குத் தெரியாமல் போனதை எவ்வளவு விரிவாக, மறைக்காமல் எழுதியிருக்கிறார் தெரியுமா!

அலுவலகக் கூட்டத்தில் எல்லாரும் பேசியது உனக்கு மட்டும் புரியாமல் கூசிப்போனதாகப் போன வாரம் போனில் சொன்னாயே, அந்தப் பக்கத்தைப் படித்தபோது உன் குரல்தான் காதில் கேட்டது. உடனே கடைக்குப் போய் உனக்கும் ஒரு பிரதி வாங்கிவிட்டேன். தீபாவளிப் பார்சலில் முறுக்கு டப்பாவுக்கு அடியில், எண்ணெய் படாமல் இரண்டு உறை போட்டு வைத்திருக்கிறேன். உனக்கு ஒழிந்த நேரத்தில் படி. ஆனால் நாங்கள் படிக்கும் அத்தியாயத்தையே அன்றன்று நீயும் படி.

முதல் அத்தியாயம் உ.வே.சா.வின் சொந்த ஊரான உத்தமதானபுரத்தைப் பற்றியது. பாட்டிக்கும் பாபநாசம் பக்கம்தான் பிறந்த வீடு என்பதால், எப்போது ஆரம்பிப்பாய் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் பிரதி வந்து சேரட்டும் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். பார்சல் கைக்கு வந்ததும் ஒரு வார்த்தை சொல். அன்று இரவே தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
அம்மா