பதினொரு ஆண்டுகள் பெயர் கேட்காத ஒருவருக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும் உற்றார் உறவினருக்கும்,

கடந்த மாதம் எங்கள் வீட்டில் நடந்தவற்றை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மானிப்பாயில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து இம்மடலை என் கையாலேயே எழுதுகிறேன் என்பதை மட்டும் சொல்லி அதை விடுகிறேன். யாழ். போதனா வைத்தியசாலையின் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், குருதி தந்த இளைஞர்களுக்கும், கூடி ஜெபித்தவர்களுக்கும், என் மனைவிக்கு மதியச் சாப்பாடு கொடுத்தனுப்பிய அயலவர்களுக்கும், அவர்களுள் எனக்காக நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்துகொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

ஒருவருக்கு மட்டும் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஆலயத்தைக் கூட்டி, வளவைத் துப்புரவு செய்பவர் அவர். மூன்றாம் நாள் இரவு, யாரும் கூப்பிடாமலே, வேலை முடிந்து சைக்கிளில் வந்து என் கட்டிலருகே நின்றார். "அம்மாவைப் போய்ப் படுக்கச் சொல்லுங்கோ ஐயா, நான் நிக்கிறன்" என்றார். அன்றிலிருந்து பன்னிரண்டு இரவுகள் நின்றார். நான் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதெல்லாம், ஒன்றும் பேசாமல் சிறுநீர்ப் போத்தலை எடுத்துச் சென்று கழுவி வந்து வைத்தார்.

முதல் இரவில் தாதி, துணைக்கு நிற்பவருக்குத் துண்டு எழுத வேண்டும், பெயர் என்ன என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆலயத்தின் பொருளாளராகப் பதினொரு ஆண்டுகள் அவருடைய சம்பளத்தை என் கையால் கொடுத்திருக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் அது "துப்புரவு – ஓர் ஆள்" என்றே இருக்கும். அவர் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டுகளை ஒழுங்காக அடுக்கி வைத்தேனே தவிர, அந்த ஒப்பத்தை ஒருநாளும் வாசித்ததில்லை. "இஞ்ச வாரும்" என்பதற்கு மேல் அவருக்கு ஒரு பெயர் எனக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. "தம்பி, உம்மட பேர் என்ன?" என்று அன்று கேட்டேன். எந்த மனக்குறையும் இல்லாமல் சொன்னார்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. லூக்கா சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில், ஜெபிக்க ஆலயத்துக்குப் போன இருவரான, சமயச் சட்டத்தை நுணுக்கமாகக் கைக்கொண்ட பரிசேயனையும், வரி அறவிடுவதால் பாவி என்று இகழப்பட்ட ஆயக்காரனையும் பற்றி ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை கற்பித்திருக்கிறேன். மோசேயின் நியாயப்பிரமாணம் ஆண்டுக்கு ஒருநாள் உபவாசத்தையே கட்டளையிட்டிருக்க, பரிசேயன் வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தான், தசமபாகமும் கொடுத்தான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவனுடைய ஜெபத்தில் கடவுளிடம் கேட்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை என்பதைக் கட்டிலில் கிடந்தபோதுதான் கவனித்தேன். என்னுடைய கணக்கும் அப்படித்தான் இருந்தது: பூட்டனாரின் தகப்பனார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர், அம்மம்மா 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையில் படித்தவர், நான் ஒரு சதமும் பிசகாத பொருளாளர். எல்லாம் உண்மை. ஆயக்காரனோ தூரத்தில் நின்று, கண்களை ஏறெடுக்கவும் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்டான். எனக்கு அன்று மார்பில் அடிக்கவும் கை எழும்பவில்லை. கேட்க மட்டும் முடிந்தது.

இனிமேல் ஆராதனையில் கடைசி வாங்கிலேயே இருப்பேன் என்று இங்கே எழுத நினைத்தேன். அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருப்பது தெரிந்தது; ஆகவே வழமையான இடத்திலேயே இருப்பேன். இந்த மடலிலும் அந்த ஆசை கொஞ்சம் கலந்திருக்கக்கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சம்பளம் கொடுக்கும் நாளில் அவரை இருத்தி, தேத்தண்ணீர் குடிக்கச் செய்து, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்பேன் என்று என் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்; தவறினால் கண்டிக்க அவருக்கு உரிமை உண்டு.

தம்முடைய பெயரை இதில் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். பதினொரு ஆண்டுகள் தெரியாமல் எழுதாத பெயரை, இப்போது தெரிந்தும் எழுதாமல் விடுகிறேன்.

கணக்குப் புத்தகத்தில் அப்படி விட முடியாது. நேற்று அதை எடுத்து இம்மாதச் சம்பளத்தைப் பதிந்தபோது, பழக்கத்தில் "துப்புரவு – ஓர் ஆள்" என்றே எழுதிவிட்டேன். அதை வெட்டி, மேலே அவருடைய பெயரை முழுமையாக எழுதியிருக்கிறேன். கணக்காய்வாளர் கேட்டால், அந்த வெட்டுக்குப் பக்கத்தில் என் ஒப்பம் இருக்கிறது.

நன்றியுடன்,
உங்கள் பொருளாளர்