நடுராத்திரியில் கம்ப்யூட்டரை எழுப்பியது யார் என்று கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று வாரமாக என் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்திய பாட்டில் எனக்குக் கூட நின்றவர்கள் பலர். எல்லோரிடமும் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. யார் என்ன செய்தார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. இதே தொல்லையில் கிடப்பவர் யாராவது படித்துப் பயன்பட்டால் அதுவும் சந்தோஷம்தான்.

கோவில்பட்டியில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புக் என்று ஓடும். இந்த வருஷம் பெரிய வேலையாக ஒரு பள்ளிக்கூடத்தின் பவள விழா மலர் வந்தது. பழைய மாணவர்கள் வீட்டு ஆல்பங்களில் இருக்கும் படங்களை ஸ்கேன் செய்து, கறையை நீக்கி, யார் யார் என்று கேட்டு எழுதி, பக்கம் கட்டிச் சிவகாசி அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். ஐப்பசி மழைக்காலம் வேறு. பொழுது சாய்ந்தால் கரண்ட் போய்ப் போய் வரும். என் யூபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும். இருபது படம் திறந்து கிடக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்து சேவ் செய்ய அந்தப் பத்து நிமிஷம் காணாது. அதனால் ஹைபர்நேட் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஸ்லீப் வேறு, ஹைபர்நேட் வேறு. ஸ்லீப்பில் திறந்திருக்கும் வேலையெல்லாம் ரேம் என்கிற தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். ரேமுக்குச் சொட்டு மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அது நின்றால் எல்லாம் போச்சு. ஹைபர்நேட் அப்படியில்லை. ரேமில் இருப்பதை சி டிரைவில் ஹைபர்ஃபில்.சிஸ் என்ற கோப்பில் எழுதி வைத்துவிட்டு இயந்திரம் முழுசாக அணைந்துவிடும். பிளக்கையே பிடுங்கினாலும் கவலையில்லை. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இதைவிட நல்ல வசதி கிடையாது என்று இன்றும் நம்புகிறேன்.

நம்பித்தான் ஒரு ராத்திரி 23 படங்களை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் வந்து பார்த்தால் திரை கறுப்பாக இருக்கிறது, ஆனால் சிபியூ ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. கீபோர்டைத் தட்டியதும் பாஸ்வேர்டு கேட்டது. உள்ளே போனால் ஒன்றுமே இல்லை, புதிதாக ஆன் செய்தது போல வெறும் திரை. ஆல்பத்துக்காரர்கள் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் ஒரு பாட்டி 1960களின் பள்ளி ஆண்டு விழாப் படம் ஒன்றைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துக் கொடுத்திருந்தார். அவரிடம் போய் மறுபடி கேட்க நாக்கு எழவில்லை. நான்கு நாள் கழித்து இன்னொரு தடவை அதே கதை. ஆனால் சில நாள் காலையில் எல்லாம் திறந்தபடியே இருக்கும். சில நாள் ஒழுங்காக அணைந்து கிடந்து, பட்டனை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து வரும். ஒரு ஒழுங்கும் புரியவில்லை.

முதல் நன்றி மாடி வீட்டுத் தம்பிக்கு. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். விண்டோஸ் மெனுவில் ஹைபர்நேட் என்ற சொல்லே இல்லாமல் இருந்தபோது, பவர்சிஎஃப்ஜி கட்டளை கொடுத்து அதை முதலில் கொண்டுவந்து தந்ததும் அவன்தான். இந்தத் தடவை ஏழு சாயங்காலம் என்னோடு உட்கார்ந்தான். விண்டோஸ் சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை எடுத்துவிட்டான். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தான். 8 ஜிபி ரேமுக்கு அந்த ஹைபர்ஃபில் கோப்பு 3.2 ஜிபி அளவில் சரியாகவே இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டு ரேமில் பழுதில்லை என்று உறுதி செய்தான். பகலில் பத்துத் தடவை ஹைபர்நேட் கொடுத்துப் பார்த்தோம், பத்துத் தடவையும் ஒழுங்காக எழுந்தது. இதற்கிடையில் ஒரு சர்வீஸ் கடையில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் ஃபார்மேட் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். தம்பிதான் வேண்டாம் அக்கா, காரணம் தெரியாமல் அழிக்கக் கூடாது என்று பிடிவாதமாகத் தடுத்தான். அந்தப் பிடிவாதத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

முடிச்சு அவிழ்ந்தது எதிர்த்த டீக்கடை அண்ணாச்சியால். பால் காய்ச்ச விடியக்காலம் மூன்று மணிக்கே வந்துவிடுவார். ஒரு நாள் டீ வாங்கப் போனபோது, “என்ன தாயி, மூணு மணிக்குமா வேல பாக்குறீக? ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்று அக்கறையாகக் கேட்டார். நான் பத்தரைக்கே படுத்துவிட்டேன் என்றேன். அவர் விடவில்லை. “இல்லையே, கரண்ட் வந்த மறு நிமிஷமே ஒங்க ஜன்னல்ல நீல வெளிச்சம் அடிச்சுதே” என்றார்.

கரண்ட் வந்த மறு நிமிஷம். டீயைக் குடிக்காமல் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

சென்னையில் ஒரு கம்பெனியில் சிஸ்டம்ஸ் பார்க்கும் அண்ணியின் தம்பியிடம் போனில் இதைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் நேரத்தோடு குறித்து வைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரை, வீடியோ காலில் இரண்டு மணி நேரம் வரி வரியாகப் படிக்க வைத்தார். பவர் டிரபிள்ஷூட்டர் என்ற பெயரில் 1ஆம் எண் பதிவு ஒன்று இருந்தது. எப்போது உறங்கியது, எப்போது எழுந்தது என்று அதில் நேரத்தோடு இருக்கிறது. படங்கள் போன அந்த முதல் ராத்திரியில் 10:20க்கு உறங்கி 1:52க்கு எழுந்திருக்கிறது! அதற்கு அப்புறம் கெர்னல் பவர் 41. முறையாக அணைக்காமல் நின்றுபோயிருந்தால், அடுத்த தடவை ஆன் ஆகும்போது விழும் பதிவு அது. கூடவே 6008, அது நின்ற நேரத்தைச் சொல்லும்: 2:31.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த ராத்திரி கண்ணில் தெரிந்தது. நான் ஹைபர்நேட் கொடுக்கிறேன், அது ஒழுங்காகவே அணைகிறது. யூபிஎஸ் கத்திக் கத்தித் தீர்ந்துபோகிறது. 1:52க்குக் கரண்ட் வருகிறது, கம்ப்யூட்டர் தானாக எழுந்து என் 23 படத்தையும் திறந்து வைத்துக்கொண்டு ஆளில்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறது. மறுபடி கரண்ட் போகிறது. இந்தத் தடவை ஹைபர்நேட் கொடுக்க யாருமில்லை. யூபிஎஸ் தீர்ந்ததும் பட்டென்று நிற்கிறது. ஒரு தடவை எழுந்துவிட்டால் ஹைபர்ஃபில்லில் இருந்த பழைய பதிவு செல்லாது, எனவே எல்லாம் போகிறது. திரும்பக் கரண்ட் வந்ததும் மறுபடி தானாக ஆன் ஆகி, காலையில் நான் வரும்வரை ஃபேன் ஓடுகிறது. கரண்ட் ஒரே தடவை போன நாளில் எல்லாம் திறந்தபடி இருந்ததும், போகாத நாளில் ஒழுங்காக அணைந்து கிடந்ததும் இதனால்தான். பகலில் பத்துத் தடவை சோதித்தும் தெரியாமல் போனது ஏன் என்றும் புரிந்தது. நாங்கள் ஒரு தடவைகூடக் கரண்டை நிறுத்திப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி ஹைபர்நேட் கொடுத்து, பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிஷம் கழித்துச் செருகினான். பட்டனை யாரும் தொடவில்லை. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எனக்கு இந்தப் பழைய பெட்டியை விற்ற அண்ணனுக்கும் நன்றி சொல்ல வேண்டும். போன் செய்ததும் யோசித்துப் பார்த்து, அது முன்பு ஒரு கடையில் கேமரா பதிவுக்கு ஓடிய கம்ப்யூட்டர் என்றார். ஆளில்லாத நேரத்தில் கரண்ட் வந்தாலும் தானாக ஆன் ஆக வேண்டும் என்று அங்கே பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில், மாற்றி வைத்திருக்கிறார்கள். மறுநாளே மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். ஆன் ஆகும்போது டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போய், ரீஸ்டோர் ஏசி பவர் லாஸ் என்ற இடத்தில் பவர் ஆன் என்றிருந்ததைப் பவர் ஆஃப் ஆக்கி, எஃப்10 தட்டி சேவ் செய்தார். இரண்டு நிமிஷ வேலை. காசு வாங்க மறுத்துவிட்டார். (இந்த வரி ஒவ்வொரு மதர்போர்டிலும் வேறு பெயரில் இருக்கும். ஏசி பேக் என்றும் ஆஃப்டர் பவர் ஃபெயிலியர் என்றும் பார்த்திருக்கிறேன் என்று சொன்னார்.) பழைய கம்ப்யூட்டர் வாங்கும் எல்லோரும் இந்த ஒரு வரியை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

மலர்க்குழுவில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயாவை நினைத்தால் கண் கலங்குகிறது. தாமதத்துக்கு ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பத்து நாள் கூடுதலாகக் கொடுத்து, தானே சைக்கிளில் வீடு வீடாகப் போய் அந்த ஆல்பங்களை மறுபடி வாங்கி வந்தார். சேலைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்த அந்தப் பாட்டி, இந்தத் தடவை கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் இருந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முதல் தடவை எனக்குக் கிடைக்காத ஆறு பெயர்கள் அப்படிக் கிடைத்தன. பாட்டிக்கும் என் நன்றி.

போன வியாழக்கிழமை ராத்திரி கரண்ட் மூன்று தடவை போனது. பதினான்கு படம் திறந்திருந்தது. காலையில் பெட்டி அமைதியாக அணைந்து கிடந்தது. பட்டனை அழுத்தினேன். பதினான்கும் வந்தன. கடைசியாகப் பாதி கறை நீக்கி விட்டிருந்த படத்தில், பிரஷ் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

மலர் வருகிற வாரம் சிவகாசிக்குப் போகிறது. அச்சாகி வந்ததும் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பிரதி நானே கொண்டுவந்து தருகிறேன். அண்ணாச்சி, உங்கள் பிரதி கடைக்கே வரும்.

அன்புடன்,
உங்கள் தெரு டிடிபி அக்கா